திரும்பி வராத புத்தகங்கள்

“…நான் என்ன திருடிக்கிட்டா போனேன்? படிச்சிட்டுத் தாரேன்னுதானுங்க வெச்சிருந்தேன்!” என்று நூலகர் அம்மாவிடம் சொல்லிக்கொண்டே, தோளிலிருந்த மிளகு மூட்டையை என் தாய்மாமா கீழே இறக்கினார். அவிழ்த்தால், உள்ளே மிளகு இல்லை. எல்லாம் எங்கள் ஊர் நூலகத்துப் புத்தகங்கள்.

இரண்டாயிரம் பிறந்தால் உலகமே அழிந்துவிடும் என்று பஸ்ஸில் பேசிக்கொண்ட வருஷம் அது. உலகம் அழியவில்லை, ஓடைதான் கரையுடைத்து, வயல்களுக்கு நடுவே தாழ்வாக இருந்த நூலகத்துக்குள் புகுந்தது. அலமாரிகள் கவிழ்ந்தன. வெயில் எட்டிப்பார்த்த நேரத்தில், மிளகு காயவைக்கும் பாறையில் புத்தகங்களைப் பரப்பி ஊரே புரட்டிப் புரட்டிப் பார்த்தது. ஏதோ சில தேறின. மற்றவையெல்லாம் ஒட்டிப் பலகையாகிவிட்டன.

மலைக்குக் கீழேயிருந்து அதிகாரி வரப்போகிறார், புத்தகமே இல்லையென்றால் நூலகத்தை மூடிவிடுவார் என்று பேச்சு. மூடினால், ஒரு கதைப்புத்தகத்துக்கும் மலையிறங்கிப் போகவேண்டும்.

முள்ளுக்குறிச்சியிலிருந்து தினமும் பஸ்ஸேறி வரும் நூலகர் அம்மா அழுதுகொண்டு உட்காரவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, மேட்டு வீடுகளுக்கெல்லாம் ஏறினார். “ஏனுங்க, எப்பவோ எடுத்த புஸ்தகம் ஊட்ல கெடக்குதுங்களா? கோவிச்சுக்க மாட்டேன், குடுங்க.” ஊரே ஒன்றும் தெரியாத முகம் காட்டியது. கொடுத்தால், இத்தனை நாள் வைத்திருந்தது வெளியே தெரிந்துவிடுமே!

மாமாவுக்கும் அந்த அம்மாவுக்கும் பழைய பகை. அவர் எதிரே வந்தால் மாமா காப்பித் தோட்டத்துக்குள் நுழைந்துவிடுவார். “செடிக்குள்ள போறவரே, புஸ்தகம்!” என்று குரல் பின்னாலேயே வரும். அப்பேர்ப்பட்டவர்தான், அதிகாரி வரும் நாளில் ஊர் பார்க்க மூட்டையோடு வந்து நின்றார்.

“ஏஞ்சாமி, இந்த வருசம் புஸ்தகந்தான் வெளைச்சலா?” என்று கூட்டத்தில் யாரோ கேட்க, சிரிப்பு. சிரித்தவர்களே பிறகு ஒவ்வொருவராக நழுவிப்போய், துண்டுக்குள்ளும் முறத்துக்கு அடியிலும் மறைத்து எடுத்துவந்தார்கள். என் அம்மாவும்! அரிசிப் பானைக்குள் ஒன்று இருந்தது எனக்கே தெரியாது.

மேட்டிலிருந்த காலி அறையில் பெஞ்சு நிறையப் புத்தகங்கள். அதிகாரி பார்த்தார். “சரி, இங்கயே நடத்துங்க” என்று சொல்லிவிட்டு பஸ்ஸைப் பிடிக்கப் போனார்.

அவர் தலை மறைந்ததும் நூலகர் அம்மா கூரையை அண்ணாந்து பார்த்தார். “இங்கயும் ஒழுகுதுங்க. மழை விடற வரைக்கும் உங்க ஊட்லயே இருக்கட்டும். இனி நான் கேக்க மாட்டேன்” என்று அத்தனையையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அலைந்து வாங்கியதை ஏன் கொடுக்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. கேட்டுக் கேட்டும் கொடுக்காத மாமா அதன்பின் செய்தது அதைவிடப் புரியவில்லை. மறுவாரம், கொட்டுகிற மழையில், கம்பளிக்குள் ஒரு புத்தகத்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, நூலகர் அம்மா பஸ்ஸைவிட்டு இறங்கும் முன்பே அந்த அறை வாசலில் போய் நின்றார், திருப்பிக் கொடுக்க.