பூட்டிய தெருவில் ஆள் எண்ணினேன்

மக்கள்தொகைக் கணக்கெடுக்கப் போனால் முதலில் வரவேற்பது நாய், அப்புறம் பூட்டு, கடைசியில்தான் மனுசன். என்னைப் போல மாட்டிக்கொண்ட டீச்சர்மாரே, உங்களுக்குச் சொல்லவா வேண்டும்?

பூட்டு

கம்பம் ஊருக்கு வெளியே எனக்கு ஒதுக்கிய தெருவில் அத்தனை வீடும் பூட்டு. சனம் முழுக்க விடியுமுன்னே ஜீப்பேறிக் கேரளத்து ஏலத்தோட்டத்துக்குப் போய்விடுமாம். சாயங்காலம் போனேன், அப்பவும் பூட்டு. தெருவில் தண்ணீர்த் தொட்டி இல்லை, குடத்தோடு பக்கத்து ஊருக்குப் போயிருந்தார்கள். மேலதிகாரிக்குப் போன் போட்டால், "பூட்டுன்னே போட்டு முடிங்கம்மா" என்கிறார். முனையில் டீக்கடை வைத்திருக்கும் பாண்டியம்மாவுக்கு வந்ததே கோபம்!

"போன தடவையும் இப்படித்தான் எழுதிட்டுப் போனாக. பஞ்சாயத்துல தொட்டி கேட்டா, ஆளே இல்லாத தெருவுக்குத் தொட்டி எதுக்குங்கிறாக."

ஓவர்லோடு

எனக்கு ரோசம் வந்துவிட்டது. மறுநாள் இருட்டோடு, கழுத்தில் அடையாள அட்டையும் கையில் போனுமாக ஜீப் முன்னால் போய் நின்று, "எல்லாரையும் எண்ணணும்" என்றேன். அவ்வளவுதான்! டிரைவர் முகம் செத்துவிட்டது. ஏறி உட்கார்ந்தவர்களில் பாதிப் பேர் பின்பக்கமாகக் குதித்து ஓட்டம். ஓவர்லோடு பிடிக்க வந்தவள் என்று நினைத்துவிட்டார்கள். பாண்டியம்மா கரண்டியோடு ஓடிவந்து போட்டார் ஒரு சத்தம்:

"ஏலே, நம்ம தெருவை எண்ண வந்த டீச்சர்டா! ஏறுங்க எல்லாரும்!"

என்ன தொழில்?

டிரைவர் பக்கத்தில் எனக்கும் இடம் கிடைத்தது. மலைப்பாதை வளைவுகளில் வயிற்றைப் பிடித்துக்கொண்டே ஒவ்வொரு குடும்பமாக முடித்தேன். "என்ன தொழில்?" என்று ஒரு அக்காவிடம் கேட்டேன். ஏலக்காய் எடுப்பாராம், கீழே வந்தால் நாற்று நடுவாராம், திராட்சைப் பந்தலிலும் வேலையாம். ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள் என்றதும், மேலே மலையையும் கீழே ஊரையும் கைகாட்டிச் சிரித்துவிட்டார்.

"பொறந்தது அங்கன, வாக்கப்பட்டது இங்கன, கூலி அங்கன, சோறு இங்கன. ஒண்ணை மட்டும் நம்புனா வயிறு நெறையுமா டீச்சர்?"

தொட்டி

மிச்சப் பேரை அடுத்தடுத்த நாள் ஜீப்பில் பிடித்தேன். ஒரு வீடு விடவில்லை! "அந்தத் தெருவுல இம்புட்டுச் சனமா?" என்று மேலதிகாரி வாயைப் பிளந்தபோது எனக்குக் கால் தரையில் பாவவில்லை. எண்ணிய தெம்பில் பாண்டியம்மா தெருவையே திரட்டிக்கொண்டு மறுபடி தொட்டி கேட்கப் போனார். வேலைக்குப் போகாமல் அத்தனை பேரும் வந்து நின்றார்களாம். இப்போது டீக்கடைக்கு எதிரே தொட்டிக்குக் குழி தோண்டுகிறார்கள். தோண்டத் தொடங்கிய அன்றைக்கு எனக்கு ஸ்பெஷல் டீ ஆற்றிக் கையில் கொடுத்தார் பாண்டியம்மா.

"இனிமே நாங்க இல்லைன்னு எவன் சொல்லுவான், சொல்லட்டும் பாப்போம்!"

தெருவையே எண்ணி முடித்த என் வீட்டுக்குக் கணக்கெடுக்க வந்தவர் மட்டும், நான் ஜீப்பில் போயிருந்த நேரம் பார்த்து, 'பூட்டு' என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார்.