தண்ணீர் குடித்த அங்கி

போன செவ்வாய்க்கிழமை ஒரு லொறிச் சாரதிக்குத் தேத்தண்ணியைக் கொடுத்துவிட்டு, பேனையைத் திறந்தேன். வந்த மனுசரை வெயிலில் காக்க வைக்கலாமா? எங்கள் பக்கத்து மரியாதை அது. அவர் ஏற்றி வந்த பெட்டியைத் திறக்க முதல் கையெழுத்து வைப்பதும் அந்த மரியாதையில் சேர்த்திதான்!

எங்கள் கடற்கரை மீனவர் சங்கத்துக்கு உயிர்காப்பு அங்கிகள் வாங்கினோம். முப்பது. நாலு எழுத்துத் தெரிந்தவன் என்று என்னைக் கொள்வனவுக் குழுவில் போட்டிருந்தார்கள். விலைமனு, விவரக்குறிப்பு, மாதிரி, விநியோகத் திகதி… எல்லாம் நானே தேடிப் படித்த சொற்கள். மூன்று கம்பனிகளிடம் விலை கேட்டோம். ஆகக் குறைந்த விலை சொன்னவர் காட்டிய மாதிரி அங்கியும் நன்றாகத்தான் இருந்தது. வேறென்ன வேண்டும்?

"அண்ணை, சாமான் கிடைச்சதெண்டு இதிலை ஒரு கையெழுத்துத்தான். இருட்ட முதல் நான் வவுனியா தாண்டோணும்" என்றார் சாரதி.

"பொறுங்கோ, ஒண்டை அவிழ்த்துப் பாப்பம்" என்றார் சங்கப் பொருளாளர் தவமணி அக்கா.

"மாதிரி பாத்துத்தானே அக்கா ஓடர் குடுத்தனாங்கள்?" என்றேன்.

"மாதிரியே தம்பி கடலுக்குப் போகப்போகுது?"

அக்காவின் கணவர் படகு கவிழ்ந்து இறந்தவர். நான் பேனையை மூடினேன்.

அக்கா ஓர் அங்கியை எடுத்து, வாரில் கல்லைக் கட்டி, கரைத் தண்ணீரில் அமிழ்த்தினார். "தேத்தண்ணியை ஆறுதலாக் குடியுங்கோ. உது ஊறட்டும்."

குடித்து முடித்தோம். கல்லை அவிழ்த்தார். அங்கி எழும்பவில்லை! தூக்கினால் நனைந்த சாக்கின் பாரம். உள்ளே இருந்தது மெத்தைக்குள் வைக்கிற ஸ்பொஞ்ச்.

கம்பனிக்கு அழைத்தேன். "நீங்கள் கேட்டதைத்தானே அனுப்பினனாங்கள்? உங்கடை கடிதத்தை ஒருக்கா வாசிச்சுப் பாருங்கோ!"

வாசித்தேன். 'உயிர்காப்பு அங்கி, செம்மஞ்சள் நிறம், தரமானது, 30.' விவரக்குறிப்பு என்று நான் எழுதியது அவ்வளவுதான். எத்தனை கிலோ ஆளைத் தாங்க வேண்டும்? எவ்வளவு நேரம்? ஒரு வரி இல்லை. நிறத்தை மட்டும் மறக்காமல் எழுதியிருக்கிறேன்…

வாங்குகிறவன் எழுதாமல் விட்ட இடத்தை விற்கிறவன் தன் வசதிக்கு நிரப்பிக்கொள்கிறான். எங்கள் கையில் மிஞ்சியிருந்தது, வைக்காத அந்தக் கையெழுத்து ஒன்றுதான். வைத்திருந்தால்? முப்பது பேர் நம்பி மாட்டிக்கொண்டு போயிருப்பார்கள்.

அக்கா சாரதி நீட்டியிருந்த பத்திரத்தை என்னிடமிருந்து வாங்கி, 'மிதக்கவில்லை. ஏற்கவில்லை' என்று எழுதிக் கொடுத்தார். லொறி ஏற்றி வந்ததை ஏற்றியபடியே திரும்பிப் போனது.

பிறகு, "இப்ப புதுசா எழுதுங்கோ தம்பி" என்றார். ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

"என்ரை மனுசன் வெறும் மண்ணெண்ணெய்க் கானைப் பிடிச்சுக்கொண்டு விடியுமட்டும் கிடந்தவராம். கூடப் போய்த் தப்பி வந்தவர்தான் சொன்னவர். விடியேக்கை கை விட்டுட்டுதாம். அதாலை, ஒரு இரவும் ஒரு பகலும் ஆளைத் தாங்கோணும் எண்டு போடுங்கோ."

போட்டேன்.

புதிய விலைமனுக்கள் வர இரண்டு கிழமையாவது செல்லும். எங்கள் ஆட்கள் இன்றைக்கும் வெறும் சட்டையோடுதான் கடலுக்குப் போகிறார்கள்.