கறுத்த விரல்கள்

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு பழைய புத்தகக் கடையில், அட்டையில் துப்பறிவாளர் முறைக்கிற நாவல் ஒன்றைப் பார்த்ததும் கடைக்காரரின் விரல்களைத்தான் முதலில் கவனித்தேன். சிரிக்காதீங்க.

தா.பழூரில் அஞ்சாம் வகுப்பு படிக்கையில் அப்படி ஒரு கதை படித்தேன். விஷம் வைத்தவளை, அவள் விரல் கறுத்திருப்பதை வைத்தே துப்பறிவாளர் பிடித்துவிடுவார். அம்மா இறந்து, அப்பா உடையார்பாளையத்திலிருந்து சின்னம்மாவைக் கட்டிக்கொண்டு வந்த புதுசு. ஒருநாள் மத்தியானம் எனக்குச் சோறு போட்ட சின்னம்மாவின் விரல்களைப் பார்த்தேன். அத்தனையும் கறுப்பு, தோல் வேறு உரிந்திருந்தது. தட்டைத் தள்ளிவிட்டேன்.

"என்னடி ஆச்சு?"

"கொழம்புல விஷம் வச்சிருக்கீங்க. உங்க வெரலே காட்டிக் குடுத்துருச்சு."

"அடிப் பைத்தியமே! எங்கம்மா வூட்டுப் பச்சை முந்திரிய ரெண்டு நாளா உனக்குத்தான் உரிக்கிறேன். அந்தத் தோலுப் பாலு பட்டா கை வெந்து கறுத்துரும்டி."

நெல்லு விளையும் ஊரில் பிறந்த எனக்கு அதெல்லாம் எங்கே தெரியும்? நான் நம்பவில்லை. சின்னம்மா என் தட்டிலிருந்தே ஒரு கவளம் அள்ளித் தின்றார்.

"பாத்துக்க, செத்தா போயிட்டேன்?"

செத்துவிடுவாரோ என்ற பயத்தில், சாயங்காலம் வரை அவர் சேலைத் தலைப்பை நான் விடவே இல்லை.