கதவைத் திறந்துவிட்டவர்

கட்சி அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் ‘ஸ்டியரிங்’தான். தலைவரின் கார் ஓட்டுநர். “கட்சி எந்தப் பக்கம் திரும்பும்னு நம்ம ஸ்டியரிங்குக்குத்தான் முதல்ல தெரியும்” என்று கிண்டலடிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

அவருடைய அண்ணனும் கட்சிக்காக ஓடாய்த் தேய்ந்தவர். போன தேர்தலில் வாக்குச்சாவடி வாசலில் எதிரணி ஆட்கள் அடித்த அடியில், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே போய்விட்டார். எதிரணியின் நகரச் செயலாளர்தான் முதல் குற்றவாளி. ஜாமீனில் வெளியே வந்து ராஜா மாதிரி நடமாடிக்கொண்டிருந்தார். அண்ணனின் உடலருகே நின்று தலைவர் அழுதார். “இனி அவங்களோட ஒட்டும் இல்ல, உறவும் இல்ல” என்றார். அண்ணி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

அவள் சட்டை தைக்கும் கம்பெனியில் காலர் பிரிவில் இருந்தாள். இந்தத் தேர்தலில், வேலை முடிந்த கையோடு வீடு வீடாக ஏறி இறங்கினாள். “நம்மாளுங்க வந்தாத்தான் கேஸ் நகரும்” என்பாள்.

முடிவுகள் வந்தன. யாருக்கும் பெரும்பான்மை இல்லை. எதிரணிக்குப் பெரும்பான்மைக்கு ஐந்து இடம் குறைந்தது. தலைவர் கட்சி ஏழு இடம் வைத்திருந்தது. அண்ணி போன் செய்தாள்.

“தம்பி, எல்லார் குடுமியும் நம்ம கையிலயாமே!”

“ஆமா அண்ணி” என்றார். அவளுடைய குரலில் சிரிப்பைக் கேட்டு எத்தனையோ காலமாகியிருந்தது.

மறுநாள் காரின் பின்சீட்டில் தலைவர் போனில் பேசிக்கொண்டே வந்தார். இரண்டு அமைச்சர் பதவி, அதில் ஒன்று நல்ல துறையாக வேண்டும். எதிர்முனையில் பேசுவது எதிரணிதான் என்பது கொஞ்சம் கொஞ்சமாக ஸ்டியரிங்குக்குப் புரிந்தது.

போனை வைத்துவிட்டுத் தலைவர் சொன்னார்: “நாட்டுக்கு நிலையான ஆட்சி வேணும்யா. வேற வழியில்ல. உங்க அண்ணிகிட்ட நீயே பக்குவமா எடுத்துச் சொல்லிடு. டிவிக்காரங்க வந்தா வாயத் திறக்க வேணாம்னு சொல்லு.”

“சரிங்கய்யா.”

சொல்லிவிடலாம் என்றுதான் அன்று மாலை அண்ணியின் வீட்டுக்குப் போனார். அவள் அக்கம்பக்கத்தாருக்கெல்லாம் மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு மிட்டாயை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டார்.

அடுத்த நாள் கூட்டணி ஒப்பந்தம். தலைவரை எதிரணி அலுவலகத்தில் இறக்கிவிட்டார். கையெழுத்து முடிந்ததும், ஆட்சி அமைக்க உரிமை கோர எல்லோரும் கிளம்பினார்கள். தலைவரோடு அதே காரில் ஏற நகரச் செயலாளர் வந்தார். கேமராக்கள் மொய்த்தன. பழகிய கை, யோசிக்கும் முன்பே கதவைத் திறந்துவிட்டது.

வழியில் அந்த ஆள் அவர் தோளைத் தட்டினார். “நல்லா பூப்போல ஓட்டறீங்களே! எத்தனை வருஷ சர்வீஸ்?”

தலைவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஸ்டியரிங்குக்குக் கண்ணீர் கண்ணை மறைத்தது. சட்டைக் கையால் துடைத்துத் துடைத்து ஓட்டினார். போக வேண்டிய இடத்தில் அவர்களை இறக்கிவிட்டு, சாவியைத் தலைவரின் உதவியாளர் கையில் வைத்துவிட்டு நடந்தே கிளம்பினார்.

கம்பெனி வாசலில் அண்ணி நின்றிருந்தாள். உணவு இடைவேளையில் கேன்டீன் டிவியில் எல்லாம் பார்த்திருந்தாள்.

“கதவத் திறந்துவிட்டது நீதானே தம்பி?”

“நான்தான் அண்ணி.”

“உனக்கு முன்னாடியே தெரியுமா?”

அவர் தலைகுனிந்தார்.

“மிட்டாய் குடுக்கறப்பவாவது சொல்லியிருக்கலாமே. ஊர்சனத்துக்கு முன்னாடி பைத்தியக்காரி மாதிரி நின்னிருக்க மாட்டேனே.” குரலை உயர்த்தவில்லை. பையை மார்போடு அணைத்துக்கொண்டு பஸ் ஏறிப் போய்விட்டாள்.

ஆட்சி அமைந்தது, நிலைக்கவும் செய்தது. சாட்சிகள் ஒவ்வொருவராகப் பல்டி அடித்தார்கள். நகரச் செயலாளர் விடுதலையானார். ஸ்டியரிங் இப்போது பேக்கரி வேன் ஓட்டுகிறார். தலைவர் இரண்டு முறை ஆள் அனுப்பியும் போகவில்லை. அண்ணி தன் அக்கா ஊருக்கே போய்விட்டாள். அவர் போன் செய்தால் எடுக்கிறாள், சௌக்கியம் விசாரிக்கிறாள். தம்பி என்று மட்டும் கூப்பிடுவதில்லை.