ஸ்ரீரங்கன் ஃபேன் ஓட்டிய கதை

ராஜா அண்ணாமலைபுரத்தில் வீடு இருக்கும்போதே இன்னொரு வீட்டைக் காருக்குப் பின்னால் மாட்டி இழுக்க நினைத்த முதல் மனிதர் ஸ்ரீரங்கன். இரண்டாவது ஆள் இன்றுவரை கிளம்பவில்லை. அரசாங்க அச்சகத்தில் முப்பது வருடம் பிழை திருத்தி ஓய்வு பெற்றவர், புதுப்பேட்டையில் ஒரு பழைய ஜீப் ட்ரெய்லரை வாங்கினார். அதன்மேல் பிளைவுட்டில் ஓர் அறை, உள்ளே இரண்டு படுக்கை, பேட்டரியில் ஓடும் ஒரு சின்ன ஃபேன். தொண்ணூற்று மூன்றாம் வருடக் கோடையில் இதைத் தம் ஃபியட்டில் கட்டி, மனைவியுடன் தாமிரபரணிக் கரைவரை போய்வருவது திட்டம்.

மனைவி ஸ்ரீலக்ஷ்மி எதிர்க்கவில்லை. ஒரே ஒரு ஷரத்து விதித்தார்.

"ராத்திரி பூரா ஃபேன் ஓடணும். எட்டு மணி நேரம் ஓடறதுன்னு இங்கேயே வாசல்ல காமிங்கோ, வரேன். இல்லேன்னா நீங்க மட்டும் போயிட்டு வாங்கோ. நான் ஆத்துலயே நிம்மதியா தூங்கிண்டிருப்பேன்."

மனைவி இல்லாமல் ஸ்ரீரங்கன் மாம்பலத்தைக்கூடத் தாண்டியதில்லை. ஆகவே பயணத்தின் தலையெழுத்து பேட்டரியின் கையில் இருந்தது.

முதலில் காரின் பழைய பேட்டரியை வைத்தார். ஒன்றரை மணி நேரம் ஓடியது. பெரிதாக இருந்தால் போதுமென்று லாரி பேட்டரி வைத்தார். அதுவோ ஒவ்வொரு சோதனையிலும் முன்னைவிடச் சீக்கிரமாக நின்றது.

"இப்படியே போனா, அத்திம்பேர், சுவிட்ச் போடறதுக்கு முன்னாடியே நின்னுடும்" என்றான் மைத்துனன் வேம்பு.

லஸ் பக்கம் பேட்டரிக் கடை வைத்திருந்த மெஹபூப் அலிதான் விஷயத்தை விளக்கினார். "இன்னா சார் நீங்க! வண்டி பேட்டரி ஒரே உதையில எஞ்சினை எழுப்பிட்டு ஒக்காந்துக்கும். ராவெல்லாம் ஃபேன் சுத்தணும்னா அதுக்குன்னு ட்யூபுலர் பேட்டரி கீது. மெள்ள மெள்ள குடுக்கும்."

ட்யூபுலர் வந்தது, தூக்க இரண்டு ஆள். முதல் நாளே ஃபேன் ஒன்பது மணி நேரம் ஓடியது. ஆனால் ஸ்ரீலக்ஷ்மி அன்று நங்கநல்லூரில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். கண்ணால் பார்க்காதது செல்லாது என்று தீர்ப்பானது. மறு சோதனைக்குப் பஞ்சாங்கத்தில் நல்ல நாள் மூன்று வாரம் தள்ளித்தான் கிடைத்தது.

அதற்குள் ஸ்ரீரங்கன் பேட்டரியுடன் வந்த குறிப்புத்தாளைப் படித்து, பதினோரு பிழைகளைச் சிவப்பு மையில் திருத்தினார். 'தண்ணீர் குறைந்தால் மட்டும் ஊற்றவும்' என்ற வரியிலும் ஒரு பிழை இருந்தது. அதைத் திருத்திய திருப்தியில் வரியை மறந்துவிட்டார். தினமும் குளித்துவிட்டு வந்து, ஆறு மூடிகளையும் திறந்து, மெஹபூப் அலி கடையிலிருந்து வந்த கேன்களிலிருந்து டிஸ்டில்டு வாட்டரை வழிய வழிய ஊற்றினார். கோயில்களில்கூட அவ்வளவு சிரத்தையாக அபிஷேகம் நடந்திருக்காது.

அந்த மூன்று வாரமும் வீட்டில் காபி அபாரமாக இருந்தது.

"பேஷா இருக்கே! பொடியை மாத்தினியா?"

"ஆமாம்" என்பார் ஸ்ரீலக்ஷ்மி, ஜன்னலைப் பார்த்து.

நல்ல நாளில் ஃபேன் நாற்பது நிமிடம் ஓடி நின்றது. மெஹபூப் அலி வரவழைக்கப்பட்டார். மூடியைத் திறந்து, ரப்பர் குமிழ் வைத்த கண்ணாடிக் குழாயை விட்டு உறிஞ்சிப் பார்த்தார்.

"ஆசிட்டெல்லாம் வழிஞ்சி பூட்ச்சு சார். உள்ள வெறும் தண்ணி." பிறகு ஒரு கேனைச் சாய்த்து உள்ளங்கையில் ஊற்றி நாக்கில் வைத்தார். "அடடே, உப்பு கரிக்குது! இது போர் தண்ணி!"

"என்ன பாய், நீங்க சீல் வெச்சுன்னா குடுத்தேள்?" என்றார் ஸ்ரீரங்கன்.

வேம்பு கையிலிருந்த டம்ளரைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். "அக்கா, இந்தக் காபி..."

"குழாய்ல தண்ணி வந்து ரெண்டு மாசமாச்சு. போர் தண்ணியில காபி வாயில வைக்க முடியறதா? கேன்மேல சுத்தமான தண்ணின்னு போட்டிருந்துது, எடுத்துண்டேன். காலிக் கேனைப் பாத்தா இவர் கேப்பாரேன்னு அதுல போர் தண்ணியை ரொப்பி வெச்சேன்."

"அய்யோ, அது குடிக்கிற தண்ணி இல்லம்மா!"

"போன வாரம் பாக்கிப் பணத்துக்கு வந்தப்போ நீங்களுந்தான் குடிச்சேள், பாய்."

மெஹபூப் அலி சற்று யோசித்தார். "சும்மா சொல்லக்கூடாது. சூப்பரா இருந்திச்சு."

ஸ்ரீரங்கன் கார் சாவியை ஆணியில் மாட்டினார். ஸ்ரீலக்ஷ்மி அந்தச் சாவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன்னா, தாமிரபரணித் தண்ணியில காபி தேவாமிர்தமா இருக்குமாமே?"

"அப்படித்தான் சொல்றா."

"அப்ப ஃபேன் கிடக்கட்டும். பனைவிசிறி ரெண்டு இருக்கு."

வியாழக்கிழமை விடிந்ததும் ஃபியட் கிளம்பியது. பின்னால் ஆடிக்கொண்டு போன ட்ரெய்லரில், பேட்டரிக்கென்று அளவெடுத்துச் செய்த பெட்டிக்குள், காபி ஃபில்டரும் ஆறு புதுக் காலிக் கேன்களும் இருந்தன.