மாமா தொங்கிப் பார்த்த கைப்பிடி

காலை ஏழு இருபதுக்குக் கதவைத் திறந்தபோது முதலில் கண்ணில் பட்டது என்னைவிட உயரமான ஒரு வெல்டிங் கேஸ் சிலிண்டர். அம்மாவின் துணிக்கொடிக் கயிற்றால் அதை வெளிக்கேட்டோடு கட்டியிருந்தார் அப்பா.

அன்று மாலை அம்மா மருத்துவமனையிலிருந்து வருவதாக இருந்தது. தொழிற்சாலைக்குப் போகும் வழியில் மோட்டார்சைக்கிளிலிருந்து விழுந்ததில், அவர் காலில் இரண்டு அறுவை சிகிச்சைகள் முடிந்திருந்தன. சிங்கப்பூருக்கு எதிர்க்கரையில், பெர்மாஸ் ஜெயாவில் எங்கள் வீட்டு வாசலில் நான்கு படிகள். அவர் பிடித்து ஏற ஒரு கைப்பிடி வேண்டும். தூண்களை முந்தின வாரமே அப்பா சிமெண்டில் நட்டுவிட்டார். மேல்குழாயை அங்கேயே வைத்துத்தான் பற்றவைத்தாக வேண்டும்.

அப்பா சிங்கப்பூரில் ஒரு மூடிய பட்டறையில் வெல்டிங் வேலை பார்த்தார். அங்கே காற்றைப் பற்றிக் கவலை இல்லை. எங்கள் தெருவுக்கு அது கடலிலிருந்து நேராக வந்தது. உருகும் இரும்பை மூடி நிற்க வேண்டிய கேஸை அது கலைத்துவிட, ஒட்டு முழுக்கச் சின்னச் சின்ன ஓட்டைகள். அப்பா கேஸைக் கூட்டினார். ஓட்டைகளும் கூடின.

சிலிண்டரைத் தன் லாரியில் கொண்டுவந்திருந்த மாமா, அம்மாவின் தம்பி, குனிந்து பார்த்தார்.

“என்னா மச்சான், அக்கா வர்றாங்கன்னு ஆப்பம் சுடுறீங்களா?”

“காத்து கேஸ அடிச்சிட்டுப் போவுதுடா.”

“தேய்ச்சிட்டு பெயிண்ட் அடிச்சிருங்க லா. யாருக்குத் தெரியப்போவுது?”

அப்பா தேய்த்தார். ஒட்டு வழவழப்பாகி, கடையில் வாங்கியதைப் போல இருந்தது. பிறகு மாமாவைப் பார்த்து, “இதுல தொங்கு” என்றார். எங்கள் குடும்பத்தில் கனமான ஆள் அவர்தான்.

“நானா?”

“அக்கா விழறதுக்கு முன்னாடி நீ விழு.”

மாமா ஏனோ செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, குழாயைப் பிடித்துக் கால்களைத் தூக்கினார். பட்டென்று ஒரு சத்தம். “அலமாக்!” என்றபோது அவர் பூந்தொட்டியின்மேல் உட்கார்ந்திருந்தார். வெல்டிங் வெளிச்சத்தைப் பார்க்கக்கூடாது என்று வீட்டுக்குள் நிறுத்தப்பட்டிருந்த நான் ஜன்னலில் நின்று சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை.

மாமா அதன்பின் கேலி பேசவில்லை. காற்று வரும் பக்கமாக லாரியைக் குறுக்கே நிறுத்தி, தார்ப்பாயை இறக்கிக் கட்டினார். கட்ட முடியாத மூலையைத் தானே பிடித்துக்கொண்டு, முகத்தைத் திருப்பியபடி நின்றார். அப்பா பழைய ஒட்டுகளையெல்லாம் அறுத்தெடுத்துவிட்டு மறுபடி தொடங்கினார். மூன்று மணிக்கு மாமா மீண்டும் தொங்கினார். அப்பாவும் கூடச் சேர்ந்து தொங்கினார். குழாய் அசையவில்லை.

வேலை முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் இருவரும் மாடிக்குப் போய், அம்மாவின் கட்டிலைப் பிரித்துக் கீழே இறக்கினார்கள். பிறகு அவருடைய அலமாரி, தையல் இயந்திரம். கால் ஆறும்வரைதானே, இதெல்லாம் எதற்கு என்று கேட்டேன்.

“மேல ரூம் இனிமே ஒனக்குத்தான்” என்றார் மாமா.

எனக்கு அப்போது ஒன்பது வயது. தனி அறை கிடைத்த சந்தோஷத்தில் என் புத்தகங்களையும் பொம்மைகளையும் அன்று மாலைக்குள் மேலே ஏற்றிவிட்டேன்.

அம்மா அதன்பின் மாடிப்படி ஏறி அந்த அறைக்கு ஒருமுறைகூட வந்ததில்லை.