பன்னிரண்டு பக்க ஆலோசனையும் பிள்ளையார் காலடியும்

பிற்பகல் நாலு மணி பத்து நிமிடம். விமான நிலையத்தில் பெட்டி கொடுக்கும் வரிசையில் எங்களுக்கு முன்னால் இரண்டே பேர். மகள் கைப்பையைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள்.

"அம்மா, என்ர பாஸ்போட் எங்க?"

எங்கள் வீட்டில் யார் பயணம் போவதானாலும் கடவுச்சீட்டு முதலில் சாமித்தட்டில் ஏறும். அன்று காலை அதைப் பிள்ளையார் படத்தின் காலடியில் வைத்து, விபூதி தூவி, கண்ணை மூடிக் கும்பிட்டேன். கண்ணைத் திறந்ததும் நேரே குசினிக்குப் போய்ப் புட்டு அவித்தேன்.

"எல்லாம் எடுத்து வைச்சிட்டன் எண்டு நீங்கள்தானே சொன்னீங்கள்!"

ஓம், சொன்னேன். படிப்பு முடிந்த கையோடு லண்டன், பாரிஸ், பெர்லின், ரோம் என்று மூன்று வாரம் தனியாகச் சுற்றப் புறப்பட்டவள் அவள். ஊர் ஊராக ரயிலும் அறையும் அடுத்தடுத்துப் பதிந்திருந்தாள். இந்த விமானத்தை விட்டால் எல்லாம் வரிசையாகக் கவிழும். அந்த நகரங்களில் ஒன்றைக்கூட நான் கண்டதில்லை. அதற்காகச் சும்மா இருக்க முடியுமா? அங்கங்கே இருக்கிற உறவினரை எல்லாம் விசாரித்துப் பன்னிரண்டு பக்கத்தில் ஆலோசனை எழுதி, மழையில் நனையாதபடி பிளாஸ்டிக் உறையும் போட்டுக் கொடுத்திருந்தேன். பாரிஸ் மெட்ரோவில் கதவோரம் நின்று கைபேசியை நோண்டாதே. பெர்லினில் டிக்கெட்டில் முத்திரை குத்தாமல் ரயிலேறாதே. ரோமில் தேவாலயத்துக்குப் போனால் தோளை மூடு, தெருக்குழாய்த் தண்ணீரைத் தயங்காமல் குடி. லண்டனில் நகரும் படியில் வலப்பக்கம் நில். ஐந்தாம் பக்கம்: யார் பார்சல் தந்தாலும் வாங்காதே.

மகள் முதல் பக்கத்தை என் மூக்குக்கு நேரே பிடித்தாள். சிவப்பு மையில் எழுதியிருந்தேன்: கடவுச்சீட்டை ஒரு கணமும் பிரியாதே.

"வாசியுங்கோ அம்மா. சத்தமா."

ஐந்தரைக்குப் பெட்டி எடுப்பதை நிறுத்திவிடுவார்கள் என்றார் கவுண்டரில் இருந்தவர். எங்கள் வீட்டு மாற்றுச் சாவி, டோர்செட் பார்க் குடியிருப்பில் எங்களுக்குப் பக்கத்து அப்பார்ட்மெண்டில் இருக்கும், நான் அக்கா என்று கூப்பிடும் பெண்மணியிடம் இருந்தது. உடனே அழைத்தேன்.

"அக்கா, எங்கட சாமித்தட்டில பிள்ளையின்ர பாஸ்போட் கிடக்கு. எடுத்துக்கொண்டு ஒரு டாக்சியில ஓடி வாங்கோ!"

"ஐயோ, நான் மத்தியானம் மீன்குழம்பெல்லோ சாப்பிட்டனான். சாமித்தட்டில எப்பிடிக் கை வைக்கிறது?"

"பிள்ளையார் ஒண்டும் சொல்லமாட்டார் அக்கா!"

"உமக்குச் சொல்லமாட்டார். கை வைக்கிறது நானெல்லோ. பொறும், முழுகிப்போட்டு வாறன்."

அழைப்பு துண்டிக்கப்பட்டது. அதன்பின் எட்டுத் தடவை எடுத்தேன், பதில் இல்லை. ஒன்பதாவது தடவை, நாலு ஐம்பதுக்கு, டாக்சியில் இருந்து குரல் வந்தது. "வெளிக்கிட்டிட்டன். நானூற்றியொண்டு ஹைவேயில ஒரே வாகனம். தலைதான் இன்னும் காயேல்லை."

எனக்கு நெஞ்சு காய்ந்துகொண்டிருந்தது. "அதுவரைக்கும் ரோமைப் பற்றின பக்கத்தை இன்னொருக்காப் பார்ப்பமா?" என்று மகளிடம் கேட்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் நான் வாசற்கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஐந்து இருபத்தைந்துக்குக் கண்ணாடிக் கதவு திறந்தது. வீட்டுச் செருப்பு, தலையில் துவாய்க் கொண்டை, நெற்றி நிறைய விபூதி. அக்கா ஓடி வந்தார். மகள் இரண்டு கைகளையும் நீட்டினாள். அக்கா கடவுச்சீட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, டேப் சுற்றிய ஒரு பொதியை அந்தக் கைகளில் வைத்தார்.

"முதல் இதைப் பெட்டிக்குள்ள வையும் பிள்ளை. பாரிசில என்ர தங்கச்சிக்கு, ரெண்டு கிலோ கறித்தூள்."

ஐந்தாம் பக்கத்தை எழுதிய கையாலேயே நான் பெட்டியைத் திறந்தேன். பொதி உள்ளே போனது. கடவுச்சீட்டு வெளியே வந்தது. அதற்குள் ஒரு செவ்வந்திப்பூ நசுங்கிக் கிடந்தது.

"பயப்பிடாதையும்," என்றார் அக்கா, மூச்சிரைக்க. "தூளையும் முழுகிப்போட்டுத்தான் ஆறுதலா இருந்து கட்டினனான்."